உடலுக்குள் பார்க்கும் கணக்கு

வெளியே காயம் இல்லை

கேரளத்தில் கொச்சி நகருக்குப் பக்கத்தில் ஏலூர் இருக்கிறது. பெரியாற்றின் கிளைகள் அதைச் சுற்றி ஓடுகின்றன. அதனால் அது ஒரு தீவு. அங்கே உரத் தொழிற்சாலை உண்டு. ரசாயனத் தொழிற்சாலைகளும் உண்டு. உரத் தொழிற்சாலை 1947-ல் உற்பத்தியைத் தொடங்கியது. பல ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் அங்கே வேலைக்கு வந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் உண்டு.

அந்த ஊரில் சாரத்தின் மேல் நின்று வேலை செய்யும் ஒருவர் தவறிக் கீழே விழுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தலை தரையில் மோதுகிறது. சிறிது நேரம் நினைவு இல்லை. பிறகு கண்ணைத் திறக்கிறார். எழுந்து உட்காருகிறார். ரத்தம் வரவில்லை. தண்ணீர் வாங்கிக் குடிக்கிறார்.

"ஒன்றும் இல்லை அண்ணே. லேசான அடிதான். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சரியாகிவிடும்" என்கிறார்.

வயதில் மூத்த மேஸ்திரி விடவில்லை.

"தலையில் அடி பட்டிருக்கிறது. நினைவும் தப்பியிருக்கிறது. படுப்பதைப் பிறகு பார்க்கலாம் தம்பி. முதலில் ஆஸ்பத்திரிக்கு வா" என்கிறார்.

போகும் வழியில் அடிபட்டவருக்கு வாந்தி வருகிறது. பேச்சு குளறுகிறது. தூக்கம் தூக்கமாக வருகிறது. டாக்டர் பார்த்ததும் சி.டி. ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். சில நிமிடங்களில் படம் வருகிறது. மண்டை ஓட்டுக்கும் மூளைக்கும் நடுவே, வலது பக்கத்தில், ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறது. அது கசிந்து தேங்கிய ரத்தம். அது மூளையை அழுத்துகிறது. உடனே அறுவை சிகிச்சை நடக்கிறது. ரத்தத்தை எடுத்துவிடுகிறார்கள். அவர் பிழைத்துக்கொள்கிறார்.

வீட்டுக்குப் போய்ப் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தூக்கத்திலேயே உயிர் போயிருக்கலாம். இப்படிப்பட்ட அடியில் இதுதான் ஆபத்து. அடிபட்டவர் முதலில் நன்றாகப் பேசுவார். உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே இருக்கும். சில மணி நேரம் கழித்துத்தான் நிலைமை மோசமாகும்.

மண்டை ஓடு மூடிய பெட்டி போன்றது. அதைத் திறக்காமலே உள்ளே எந்த இடத்தில் ரத்தம் தேங்கியிருக்கிறது என்று டாக்டருக்கு எப்படித் தெரிந்தது? இதற்கு விடை ஒரு கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்குக்கு வேகமான வழி சொன்னவர்களில் ஒருவர், ஏலூருக்குப் பக்கத்து நகரமான எர்ணாகுளத்தில் பிறந்தவர்.

எக்ஸ்ரே என்பது நிழல்

1895-ல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் என்ற விஞ்ஞானி எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். இந்தக் கதிர் சதைக்குள் எளிதாகப் புகுந்து போகும். எலும்பில் அவ்வளவு எளிதாகப் புகாது. அதனால் கையை நடுவில் வைத்தால் எலும்பின் நிழல் படத்தில் விழும். ராண்ட்ஜன் தம் மனைவியின் கையை அப்படிப் படம் எடுத்தார். விரல் எலும்புகளும் மோதிரமும் தெரிந்தன. 1901-ல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

எக்ஸ்ரே படம் மிகவும் பயனுள்ளது. கை முறிந்தால் தெரியும். காசநோய் நுரையீரலைத் தாக்கினால் தெரியும். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. அது நிழல் மட்டுமே.

இரவில் விளக்கின் முன்னால் இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக நிற்கிறார்கள். சுவரில் ஒரே நிழல்தான் விழும். முன்னால் நிற்பவர் யார், பின்னால் நிற்பவர் யார் என்று நிழலைப் பார்த்துச் சொல்ல முடியாது. எக்ஸ்ரே படமும் அப்படித்தான். முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும்.

தலையைப் படம் எடுத்தால் மண்டை ஓடு தெரியும். மூளை தெளிவாகத் தெரியாது. மூளைக்கும் ரத்தத்துக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறியது. எலும்பின் கனத்த நிழலில் அது மறைந்துபோகும். அந்தக் காலத்தில் மூளையில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க முதுகுத் தண்டு வழியாகக் காற்றைச் செலுத்தினார்கள். காற்று மூளையின் உட்குழிகளுக்குப் போகும். அதன் பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். நோயாளிக்குத் தாங்க முடியாத தலைவலி வரும். அப்படியும் கட்டி நேராகத் தெரியாது. உட்குழியின் வடிவம் மாறியிருப்பதை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும்.

விளக்கின் முன்னால் நிற்கும் இருவரையும் பிரித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. விளக்கைப் பக்கவாட்டுக்கு நகர்த்த வேண்டும். அப்போது இரண்டு நிழல்கள் தனித்தனியாக விழும். ஒரு பக்கம் மறைவது இன்னொரு பக்கம் தெரியும். இதுதான் ஸ்கேனின் அடிப்படை. ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றிப் பல பக்கங்களிலிருந்து நிழல் எடுக்க வேண்டும். பிறகு எல்லா நிழல்களையும் வைத்து உள்ளே இருப்பதைக் கணக்கிட வேண்டும்.

மிளகு டப்பாக் கணக்கு

கொச்சியின் மட்டாஞ்சேரி மிளகு வியாபாரத்துக்குப் பெயர் பெற்ற இடம். அங்கே ஒரு கிடங்கில் நான்கு டப்பாக்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு. எல்லாவற்றிலும் மிளகு இருக்கிறது. டப்பாவைத் திறக்கக் கூடாது. தனியாக எடுத்து நிறுக்கவும் கூடாது. இரண்டிரண்டாகத்தான் நிறுக்கலாம். ஒவ்வொன்றிலும் எத்தனை கிலோ இருக்கிறது?

மேல் வரிசை இரண்டும் சேர்ந்து 7 கிலோ. கீழ் வரிசை இரண்டும் சேர்ந்து 5 கிலோ. இடப் பக்கம் மேலும் கீழும் சேர்ந்து 6 கிலோ. வலப் பக்கம் மேலும் கீழும் சேர்ந்து 6 கிலோ.

இது போதுமா? போதாது. மேலே 5, 2. கீழே 1, 4 என்று இருக்கலாம். மேலே 4, 3. கீழே 2, 3 என்றும் இருக்கலாம். இரண்டுக்கும் இந்த எடைகள் பொருந்தும். எது சரி என்று சொல்ல முடியாது.

இன்னொரு திசையில் நிறுக்க வேண்டும். மேலே இடப் பக்கத்து டப்பாவையும் கீழே வலப் பக்கத்து டப்பாவையும் சேர்த்து, மூலைக்கு மூலையாக நிறுத்தால் 9 கிலோ வருகிறது. இப்போது விடை கிடைத்துவிடும்.

மேல் வரிசை 7. இடப் பக்கம் 6. மூலைக்கு மூலை 9. மூன்றையும் கூட்டினால் 22. இந்த மூன்று நிறுவையிலும் மேலே இடப் பக்கத்து டப்பா இருக்கிறது. மற்ற டப்பாக்கள் ஒவ்வொரு முறைதான் வருகின்றன. நான்கு டப்பாவும் சேர்ந்து 7 + 5 = 12 கிலோ. 22-ல் 12 போனால் 10. இது அந்த முதல் டப்பாவின் இரண்டு மடங்கு. எனவே முதல் டப்பாவில் 5 கிலோ. அதற்குப் பக்கத்தில் 2. அதற்குக் கீழே 1. மூலையில் 4.

எந்த டப்பாவையும் திறக்கவில்லை. ஆனால் ஒவ்வொன்றிலும் உள்ளது தெரிந்துவிட்டது. கூட்டலும் கழித்தலும் போதுமாக இருந்தன. திசைகள் கூடக் கூட உள்ளே இருப்பது தெளிவாகிறது.

சி.டி. ஸ்கேன் செய்வதும் இதுதான். டப்பாவுக்குப் பதிலாக உடலின் சிறு சிறு கட்டங்கள். எடைக்குப் பதிலாக, ஒவ்வொரு கட்டத்திலும் எக்ஸ் கதிர் எவ்வளவு தடைபடுகிறது என்ற அளவு.

ஒன்பது நாள் எடுத்த படம்

இந்தக் கணக்கு முடியும் என்று 1917-லேயே ராடான் என்ற ஆஸ்திரிய நாட்டுக் கணித அறிஞர் காட்டியிருந்தார். அவர் மருத்துவத்தை நினைத்து அதைச் செய்யவில்லை. தென்னாப்பிரிக்காவில் பிறந்த கார்மாக் என்ற இயற்பியல் அறிஞர் மருத்துவத்துக்காகவே இதைத் தனியாக ஆராய்ந்தார். 1963-லும் 1964-லும் கட்டுரை எழுதினார். அதை அப்போது பெரும்பாலோர் கவனிக்கவில்லை. அவ்வளவு நீண்ட கணக்கை விரைவில் போடும் கணிப்பொறிகள் அந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் இல்லை.

இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற பொறியாளர் இருந்தார். அவர் விவசாயக் குடும்பத்தில் வளர்ந்தவர். இசைத்தட்டு வெளியிட்டுப் புகழ் பெற்ற ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். அவர் முதலில் செய்த கருவி ஒரு பொருளைச் சுற்றி அளவு எடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. 28,000 அளவுகள் கிடைத்தன. அவற்றைக் கணக்கிடக் கணிப்பொறிக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அவர் மனம் தளரவில்லை. கருவியைத் திருத்திக்கொண்டே இருந்தார். மாட்டின் மூளையை வைத்துச் சோதித்தார்.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் ஒரு மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அவர் ஒரு பெண். மூளையில் கட்டி இருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகப்பட்டார்கள். படத்தில் கட்டி இருக்கும் இடம் தெரிந்தது. அறுவை செய்து பார்த்தபோது படத்தில் இருந்தபடியே கட்டி இருந்தது.

அந்தப் படத்தில் குறுக்கே 80 கட்டம், நெடுக்கே 80 கட்டம். மொத்தம் 6,400 கட்டங்கள். முதல் கருவி ஊகித்து, சரிபார்த்து, திருத்தி, மறுபடியும் சரிபார்த்துக் கணக்குப் போட்டது. இதற்கு நேரம் பிடித்தது. அடிபட்டவருக்கு நேரம்தான் உயிர். அதனால் வேகமான கணக்கு வேண்டியிருந்தது.

எர்ணாகுளத்தில் பிறந்தவர்

கொச்சி அப்போது ஒரு சமஸ்தானம். அதன் எர்ணாகுளம் நகரில் 1922 அக்டோபர் 8 அன்று ஒரு தமிழ்க் குடும்பத்தில் ஜி.என். ராமச்சந்திரன் பிறந்தார். தந்தை அங்கே மகாராஜா கல்லூரியில் கணிதம் கற்பித்தார். மகனுக்கும் வீட்டில் கணிதம் சொல்லிக் கொடுத்தார். ராமச்சந்திரன் பிறகு திருச்சியில் செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி செய்தார். இங்கிலாந்துக்குப் போய்க் கேம்பிரிட்ஜிலும் படித்துத் திரும்பினார்.

1952-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறைத் தலைவர் ஆனார். அப்போது அவருக்கு வயது 30 கூட ஆகவில்லை. தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றுக்கு உறுதி தருவது கொலாஜன் என்ற புரதம். அது எப்படி அமைந்திருக்கிறது என்று உலகில் பலர் தேடிக்கொண்டிருந்தார்கள். சென்னையில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருந்தது. அதன் உதவி கிடைத்தது. அது மூன்று புரி முறுக்கிய கயிறு போன்றது என்று ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் காட்டினார்கள். 1954-லும் 1955-லும் இது வெளிவந்தது. கேரளத்துத் தென்னங்கயிற்றை முறுக்குபவருக்கு இந்த அமைப்பு நன்றாகப் புரியும்.

1963-ல் தம் மாணவர்களான ராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் புரதங்களின் வடிவத்தைச் சரிபார்க்க ஒரு வரைபடம் உருவாக்கினார். உலகம் முழுவதும் அதை 'ராமச்சந்திரன் வரைபடம்' என்கிறார்கள். இன்றும் புரதத்தை ஆராய்பவர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய பொருள்களின் முழு வடிவத்தை அறிவதுதான் அவருடைய வேலை. எலக்ட்ரான் நுண்ணோக்கியும் நிழல் போன்ற படத்தைத்தான் தரும். நிழல்களிலிருந்து முழு வடிவத்தை எப்படிப் பெறுவது? அதற்கு அப்போது இருந்த வழி மிக நீண்ட கணக்கு. அதைச் சுருக்க முடியுமா என்று அவர் யோசித்தார். ஏ.வி. லட்சுமிநாராயணன் என்பவருடன் சேர்ந்து 1971 செப்டம்பரில் ஒரு கட்டுரை வெளியிட்டார். எக்ஸ்ரே படங்களுக்கும் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களுக்கும் பொருந்தும் குறுகிய வழி அதில் இருந்தது.

அடுத்த மாதம்தான் லண்டனில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுத்தார்கள். அந்த வேலை 1972-ல்தான் வெளி உலகுக்குத் தெரிந்தது. ஒரே ஆண்டில், வெவ்வேறு இடங்களில், ஒரு பக்கம் கருவியும் இன்னொரு பக்கம் கணக்கும் தயாராயின.

கழித்துவிட்டுக் கூட்டு

ராமச்சந்திரன் சொன்ன வழி என்ன? ஒரு தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் நடுவில் ஒரு சிறு கல் இருந்தது. இப்போது கல் இல்லை. பல பக்கங்களிலிருந்து எடுத்த அதன் நிழல்கள் மட்டும் இருக்கின்றன. கல் இருந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஒவ்வொரு நிழலும் விழுந்த இடத்திலிருந்து விரலில் மாவைத் தொட்டு, கதிர் வந்த வழியிலேயே தட்டின் குறுக்கே ஒரு கோடு இழுக்கலாம். எல்லாப் பக்கத்திலிருந்தும் இழுத்தால் கோடுகள் ஓர் இடத்தில் சந்திக்கும். அங்கே மாவு அதிகமாகச் சேரும். அதுதான் கல் இருந்த இடம்.

ஆனால் ஒரு தொல்லை உண்டு. கோடுகள் சந்திக்கும் இடத்தைச் சுற்றிலும் மாவு படிந்திருக்கும். அங்கே கல் இல்லை. ஆனாலும் வெள்ளையாகத் தெரியும். படம் மங்கிவிடும். சிறிய ரத்தக் கசிவு இருந்தால் அந்த மங்கலில் மறைந்துபோகும்.

இந்த மங்கலை முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும். கோடு இழுப்பதற்கு முன்பே ஒவ்வொரு நிழலையும் திருத்த வேண்டும். ஓர் அளவை எடுத்தால், அதன் இரு பக்கத்திலும் உள்ள அளவுகளில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். பக்கத்தில் உள்ளதில் அதிகப் பங்கு. தூரத்தில் உள்ளதில் குறைந்த பங்கு. இப்படிக் கழித்த பிறகு கோடு இழுத்துக் கூட்டினால், சுற்றிப் படியும் மாவுக்குச் சரியாகக் கழிவும் வந்து சேரும். மங்கல் போய்விடும். கல் மட்டும் தெளிவாக நிற்கும்.

எவ்வளவு கழிக்க வேண்டும் என்ற பங்குகளை ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் கணித்துக் கொடுத்தார்கள். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளை ஆராய்ந்த பிரேஸ்வெல் என்பவரும் ரிடில் என்பவரும் 1967-ல் இதுபோன்ற வழியைச் சொல்லியிருந்தார்கள். அது சூரியனையும் நட்சத்திரங்களையும் பார்ப்பதற்காகச் செய்தது.

இந்த வழியில் பெரிய வசதி உண்டு. எல்லா நிழல்களும் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நிழல் வந்ததும் அதைத் திருத்திவிடலாம். அடுத்தது வந்ததும் அதையும் திருத்தலாம். இதனால் நேரம் மிச்சம். பின்னர் வந்த சி.டி. கருவிகள் பல ஆண்டுகள் இந்த முறையில்தான் படம் தந்தன. இருவர் பெயரின் முதல் எழுத்துகளையும் சேர்த்து அந்தத் திருத்தத்துக்கு 'ராம்-லாக்' என்று பெயர் வந்தது. இப்போது கணிப்பொறிகளின் வேகம் கூடிவிட்டது. அதனால் ஊகித்துத் திருத்தும் பழைய வழியும் புதிய வடிவில் திரும்ப வந்திருக்கிறது.

1979-ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மாக்குக்கும் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. ராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் அவர் காலமானார்.

வில்லை வில்லையாக ஒரு முழு உருவம்

ஒரு வெள்ளரிக்காயை வில்லை வில்லையாக நறுக்கினால் ஒவ்வொரு வில்லையிலும் விதை எங்கே இருக்கிறது என்று தெரியும். வில்லைகளை மறுபடி வரிசையாக அடுக்கினால் முழுக் காயும் கிடைக்கும். சி.டி. ஸ்கேன் உடலை நறுக்காமலே இப்படி வில்லை வில்லையாகக் காட்டுகிறது. கணிப்பொறி அந்த வில்லைகளை அடுக்குகிறது. நீளம், அகலம், உயரம் மூன்றும் உள்ள முழு உருவம் கிடைக்கிறது. டாக்டர் அதைத் திரையில் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். எந்தப் பக்கம் அறுத்தால் நல்லது என்று முன்பே முடிவு செய்யலாம்.

1989 முதல் சுருள் முறை வந்தது. நோயாளி படுத்திருக்கும் பலகை நகர்ந்துகொண்டே இருக்கும். எக்ஸ்ரே குழாய் சுற்றிக்கொண்டே இருக்கும். இதனால் இன்று தலை முழுவதையும் சில விநாடிகளில் அளந்துவிட முடிகிறது. ஒன்பது நாள் எங்கே, சில விநாடி எங்கே!

ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண் கிடைக்கும். இதற்கு ஹவுன்ஸ்ஃபீல்டு பெயரில் அளவுகோல் இருக்கிறது. தண்ணீருக்கு 0. காற்றுக்குக் கழித்தல் 1,000. மூளைக்குச் சுமார் 30 முதல் 40 வரை. புதிதாக உறைந்த ரத்தத்துக்குச் சுமார் 50 முதல் 80 வரை. எலும்புக்குப் பல நூறு. மூளைக்கும் உறைந்த ரத்தத்துக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு சிறியது பாருங்கள்! சாதாரண எக்ஸ்ரே படத்தில் இது தெரியாது. ஸ்கேனில் தெரிகிறது. ஏலூர்த் தொழிலாளியின் தலைக்குள் தெரிந்த வெள்ளைத் திட்டு இந்தச் சிறு வேறுபாடுதான்.

காந்தத்தாலும் ஒலியாலும்

எம்.ஆர்.ஐ. என்பது வேறு வகை. இதில் எக்ஸ் கதிர் கிடையாது. நோயாளி ஒரு பெரிய காந்தக் குழாய்க்குள் படுப்பார். உடலில் தண்ணீர் நிறைய இருக்கிறது. காந்தத்துக்குள் இருக்கும்போது ரேடியோ அலையைச் செலுத்தினால் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கள் பதில் அலை தரும். அதை அளந்து படமாக்குவார்கள். 1973-ல் லாட்டர்பர் என்ற அமெரிக்க அறிஞர் இரண்டு சிறு தண்ணீர்க் குழாய்களை இப்படிப் படம் எடுத்தார். அவரும் பல திசைகளிலிருந்து அளந்துதான் படத்தைப் பெற்றார். 2003-ல் அவருக்கும் இங்கிலாந்தின் மான்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மூளை, தண்டுவடம், மூட்டு ஆகியவற்றின் மென்மையான பகுதிகள் இதில் நன்றாகத் தெரியும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஒலியால் வேலை செய்கிறது. அது காதுக்குக் கேட்காத ஒலி. உடலுக்குள் போய் மோதித் திரும்பும் எதிரொலியை வைத்துப் படம் வரைகிறது. பலாப்பழத்தைத் தட்டிப் பார்த்துப் பழுத்ததா என்று சொல்வார்களே, அதுவும் ஒலியை வைத்து உள்ளே அறிவதுதான்.

மருத்துவத்துக்கு வெளியிலும் இந்த அறிவு பயன்படுகிறது. எகிப்து அரசர் துட்டன்காமுன் இறந்து 3,300 ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. 2005-ல் அவருடைய உடலைச் சி.டி. ஸ்கேன் செய்தார்கள். உடலை அறுக்காமலே கால் எலும்பில் முறிவு இருப்பதைக் கண்டார்கள். 2020-ல் கொரோனாக் கிருமியின் மேலே உள்ள முள் போன்ற புரதத்தின் முழு உருவத்தை எலக்ட்ரான் நுண்ணோக்கி மூலம் கண்டுபிடித்தார்கள். அதுவும் ஆயிரக்கணக்கான நிழல் படங்களைச் சேர்த்துக் கணக்கிட்டதுதான். தடுப்பூசி செய்ய அந்த அறிவு உதவியது.

ஸ்கேன் பற்றி அறிய வேண்டியவை

ஸ்கேன் ஒரு சிகிச்சை இல்லை. அது நோயைக் குணப்படுத்தாது. நோய் எங்கே இருக்கிறது என்று காட்டும். "பெரிய ஸ்கேன் எடுத்தாகிவிட்டது, இனிப் பயமில்லை" என்று நினைக்கக் கூடாது. பிறகு வரும் சிகிச்சைதான் குணப்படுத்தும்.

பக்கவாதம் வந்தால் நேரம் மிக முக்கியம். திடீரென்று வாய் கோணும். ஒரு கை தளரும். பேச்சு குளறும். மூளையில் ரத்தக் குழாய் அடைத்தாலும் இப்படி ஆகும். குழாய் வெடித்தாலும் இப்படி ஆகும். வெளியிலிருந்து பார்த்துப் பிரித்துச் சொல்ல முடியாது. அடைப்பைக் கரைக்க மருந்து உண்டு. அதைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆனால் குழாய் வெடித்தவருக்கு அதே மருந்தைக் கொடுத்தால் உயிருக்கு ஆபத்து. ஸ்கேன் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். எனவே வீட்டு வைத்தியம் பார்த்துக் காத்திருக்கக் கூடாது. ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போக வேண்டும்.

சி.டி. ஸ்கேனில் சாதாரண மார்பு எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு கதிர் உடலில் படுகிறது. தேவைப்படும்போது எடுப்பதில் நன்மைதான் அதிகம். தேவை இல்லாமல் எடுக்கக் கூடாது. சாதாரணத் தலைவலிக்கெல்லாம் ஸ்கேன் வேண்டும் என்று கேட்கக் கூடாது. கர்ப்பமாக இருக்கும் பெண்கள் முன்பே அதைச் சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

எம்.ஆர்.ஐ. அறைக்குள் இரும்புப் பொருளைக் கொண்டுபோகக் கூடாது. காந்தம் அதைப் பறித்து இழுக்கும். இதயத்துக்குக் கருவி பொருத்தியவர்களும் உடலில் உலோகத் துண்டு உள்ளவர்களும் முதலிலேயே சொல்ல வேண்டும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் கருவில் உள்ள குழந்தையின் நலத்தைப் பார்ப்பதற்கு. ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது குற்றம். 1994-ல் இதற்குச் சட்டம் வந்தது. சொல்பவருக்கும் தண்டனை உண்டு. அதற்காக ஸ்கேன் எடுக்கச் சொல்லித் தேடிப் போகும் உறவினருக்கும் தண்டனை உண்டு. உயிரைக் காக்க வந்த கருவியைப் பெண் குழந்தையின் உயிரை எடுக்கப் பயன்படுத்தக் கூடாது.

நீங்களும் கணக்குப் போடுங்கள்

நான்கு டப்பாக்கள். மேல் வரிசை 8 கிலோ. கீழ் வரிசை 6 கிலோ. இடப் பக்கம் 7 கிலோ. வலப் பக்கம் 7 கிலோ. மேலே இடப் பக்கத்து டப்பாவும் கீழே வலப் பக்கத்து டப்பாவும் சேர்ந்து 5 கிலோ. ஒவ்வொன்றிலும் எத்தனை கிலோ?

விடை: மேலே 3, 5. கீழே 4, 2.

இந்தக் கணக்கைப் போட்டவருக்கு ஸ்கேன் கருவியைக் கண்டு இனிப் பயம் வேண்டாம். அது மந்திரம் இல்லை. அதற்குள் இருப்பதும் கூட்டலும் கழித்தலும்தான். அவற்றை மிக வேகமாக, கோடிக்கணக்கான முறை செய்கிறது.

நினைவில் வைக்க:

தலையில் அடிபட்டு நினைவு தப்பினால், பிறகு நன்றாகப் பேசினாலும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

பக்கவாதத்துக்கு உடனே ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

ஸ்கேன் எதற்கு என்று டாக்டரிடம் கேட்கலாம். கேட்பது நோயாளியின் உரிமை.

பழைய படங்களையும் அறிக்கைகளையும் பத்திரமாக வைக்க வேண்டும். அடுத்த முறை மறக்காமல் கொண்டுபோக வேண்டும். ஒரே ஸ்கேனை இரண்டு முறை எடுக்கும் செலவும் கதிரும் மிச்சமாகும்.